வேலி போட்டவனும் கதவைச் சாத்தியவனும்



போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ரூசோவை எடுத்துப் பேசினோம். மனிதர்களுக்குள் ஏற்றத்தாழ்வு எப்படித் தோன்றியது என்பது பற்றிய அவருடைய சிறிய நூல். கூட்டம் முடிந்து டீக்கடைக்கு வந்ததும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "அண்ணே, செத்து இருநூத்தம்பது வருசம் ஆகப்போற வெள்ளைக்காரனை வச்சுக்கிட்டு நாம என்ன பண்ணப்போறோம்? அயோத்திதாசரும் அம்பேத்கரும் போதாதா?" பக்கத்தில் நின்ற உப்பளச் சங்கத் தோழர் அதற்கு நேர் எதிர். "இல்லப்பா, அந்தாளு சரியாத்தான் சொல்லியிருக்காரு. சொத்துதான் எல்லாத்துக்கும் வேரு. வேரை வெட்டுனா சாதி தானா பட்டுப்போகும்." இரண்டு பேருடைய பேச்சுமே இயக்கத்துக்குள் ரொம்ப நாளாக இருக்கிற பேச்சு. டீக்கடையில் முடிக்கிற விசயமில்லை என்பதால் தலையங்கமாகவே எழுதுகிறேன்.

நூல் பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1753-இல் பிரான்சில் திஜோன் நகரத்து அறிஞர் கழகம் ஒரு கட்டுரைப் போட்டி வைத்தது. மனிதர்களுக்குள் ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வந்தது, இயற்கை நியதி அதை ஒப்புக்கொள்கிறதா என்பது கேள்வி. பிரபுக்களும் பாதிரிமார்களும் வரிச்சுமை இல்லாமல் வாழ்ந்த நாட்டில், மன்னன் கடவுளின் பேரில் ஆண்ட நாட்டில், இந்தக் கேள்வியைப் பொதுவில் வைத்ததே பெரிய காரியம். ரூசோ எழுதி அனுப்பினார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை, தல்பேர் என்ற பாதிரியாருக்குப் போனது. அந்தப் பாதிரியார் எழுதியதை இன்று யாரும் தேடிப் படிப்பதில்லை. ரூசோவின் நூல் 1755-இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வெளியே வந்தது.

ரூசோ ஏற்றத்தாழ்வை இரண்டாகப் பிரிக்கிறார். ஒருத்தர் பலசாலி, ஒருத்தர் நோஞ்சான். ஒருத்தருக்கு வயசு, ஒருத்தருக்கு வாலிபம். இது இயற்கை. இன்னொன்று, மனிதர்கள் ஏற்பாடு செய்து, மற்றவர்கள் அதற்குத் தலையாட்டுவதால் நடக்கிறது. பணம், பட்டம், அதிகாரம் எல்லாம் இதில் சேர்ந்தவை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது என்கிறார். பிறகு கதை சொல்கிறார். ஆதியில் தனித்துத் திரிந்த மனிதர்கள் குடிசை போடுகிறார்கள், கூடி வாழ்கிறார்கள், ஒருத்தரை ஒருத்தர் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகுகிறார்கள். அப்புறம் உழவும் உலோகமும் வருகின்றன. ஒருத்தன் நிலத்தை வளைத்து வேலி போட்டு என்னுது என்கிறான், மற்றவர்கள் அதை நம்புகிறார்கள். சண்டை முற்றும்போது சொத்துக்காரன் ஒரு தந்திரம் பண்ணுகிறான். எல்லாருக்கும் பொதுச் சட்டம், எல்லாருக்கும் பாதுகாப்பு, வாங்க ஒப்பந்தம் போடலாம் என்று கூப்பிடுகிறான். இல்லாதவனும் போய்க் கைநாட்டு வைக்கிறான்.

இந்த இடத்தில் எனக்குப் பூனா ஒப்பந்தம்தான் ஞாபகம் வரும். 1932 செப்டம்பர் 24. ஆனால் ஒரு வித்தியாசம். ரூசோவின் ஏழை ஏமாந்து போய் ஒப்புக்கொண்டான். அம்பேத்கர் ஏமாறவில்லை. எரவாடா சிறையில் ஒரு பட்டினி கிடந்தது, அதற்கான பழி நாடு முழுக்கச் சேரிகள் மேல் இறங்கும் என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டார்.

ரூசோவின் கதை சரித்திரம் இல்லை. அவரே இதை ஓர் ஊகமாகத்தான் வைக்கிறார். இருந்தாலும் அதன் வெடிமருந்து எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஏற்றத்தாழ்வுக்கு ஒரு தொடக்கம் உண்டு, மனிதன்தான் தொடங்கினான் என்கிறார். நமக்குச் சொல்லப்பட்டது என்ன? புருசனின் வாயிலிருந்து ஒருத்தன், காலிலிருந்து ஒருத்தன். அதாவது மனிதன் பிறப்பதற்கு முன்னாலேயே ஏற்றத்தாழ்வு பிறந்துவிட்டது. அந்த உடம்பில் பஞ்சமனுக்கு ஒரு விரல்கூட ஒதுக்கப்படவில்லை என்பது வேறு. கடவுள் செய்தது என்றால் கும்பிட வேண்டும். மனிதன் செய்தது என்றால் பிரிக்கலாம். ரூசோ நமக்கு எதற்கு என்று கேட்ட மாணவத் தோழருக்கு முதல் பதில் இது.

ஆம்ஸ்டர்டாம் என்றதும் தூத்துக்குடிக்காரர்களுக்கு ஒன்று உறைக்க வேண்டும். 1658 முதல் இந்தத் துறைமுகம் டச்சுக் கம்பெனியின் கையில் இருந்தது. ரூசோவின் நூல் அச்சான நகரத்தில்தான் அந்தக் கம்பெனியின் முதன்மைக் கிளை. நம் கடலின் முத்தும் சங்கும், நம் ஊர்த் தறித் துணியும் அங்கே கணக்கில் ஏறிக்கொண்டிருந்தன. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்தபோது இதே கம்பெனி சோழமண்டலக் கரையிலும் மதுரைக் கரையிலும் பட்டினியில் கிடந்த ஆட்களை விலைக்கு வாங்கி அடிமைகளாக இலங்கைக்கு ஏற்றியது. சமத்துவத்தைப் பேசுகிற புத்தகமும் ஆள் வாங்கின கணக்குப் புத்தகமும் ஒரே ஊரில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ரூசோ அடிமைத்தனத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவர். ஆனால் தன் காலத்து பிரெஞ்சுக் காலனிகளில் கறுப்பின மக்களைச் சரக்காக வைத்திருந்த 1685-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வால்டேர் இன்னும் மோசம். ஏசுசபைப் பாதிரிமார் பக்கத்தில் தயாரான எசூர்வேதம் என்ற போலி நூலைப் பழைய பிராமண ஞானம் என்று நம்பி 1761-இல் பிரெஞ்சு மன்னரின் நூலகத்தில் கொண்டு சேர்த்தார். ஐரோப்பிய அறிவொளி இந்தியாவைப் பார்த்தபோது அதன் கண்ணில் பட்டவர் பிராமணர்தான். சேரி படவில்லை.

சரி, ரூசோவை நம் கரைக்குக் கூட்டிக்கொண்டு வருவோம்.

அவருடைய கதையில் ஏற்றத்தாழ்வு வேலியில் தொடங்குகிறது. கடலுக்கு எப்படி வேலி போடுவது? மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி விளைகிற பார்கள் பல பாகம் ஆழத்தில் கிடக்கின்றன. வரப்பு கிடையாது, எல்லைக்கல் கிடையாது. அப்படியென்றால் முத்துக்குளிக்கிற கரையில் சமத்துவம் இருந்திருக்க வேண்டும். அதிலும் இயற்கைப் பலத்துக்கு மதிப்பு என்றால் மூச்சு அதிகம் பிடிக்கிறவன் ராசாவாக இருந்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன? கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரேயக் கடற்பயண நூல், பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிப்பதற்குத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்கிறது. கொற்கை முத்தைச் சங்கத் தமிழின் பெருமையாக மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் இந்த ஒரு வரிச் செய்தியைத் தொடுவதில்லை. பின்னால் பரதவர் இந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இறங்கினார்கள். முஸ்லிம் மக்களும் இறங்கினார்கள். காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழே போய், ஒரு நிமிசத்துக்குள் கைக்குக் கிடைத்ததை வாரிக்கொண்டு, மேலே ஆள் கயிற்றை இழுக்க, மூக்கில் காதில் ரத்தம் வர வெளியே வரவேண்டும். சுறாவுக்குப் பயந்து கடல்கட்டியை வைத்து மந்திரம் போடுவார்கள். அவருக்கும் சிப்பியில் பங்கு.

கடலுக்குப் போட முடியாத வேலியை அரசர்கள் எங்கே போட்டார்கள் என்றால், அந்தக் கல்லில். முத்துச் சலாபத்தில் உரிமையையும் வரியையும் கல் கணக்கில்தான் பேசினார்கள். ஒரு கல் என்றால் ஒரு குளியாள். மதுரை நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல், சாதித்தலைவருக்கு இத்தனை கல் என்று வரியில்லாக் கற்கள் இருந்தன. கடலைப் பங்கு போடவில்லை தோழர்களே, கடலில் இறங்குகிற ஆளைப் பங்கு போட்டார்கள். பாண்டியன் போய் போர்ச்சுகீசியன் வந்தான், அவன் போய் டச்சுக்காரன், 1825-இல் இங்கிலீசுக்காரன். ஆள்தான் மாறினான். இங்கிலீசுக்காரன் காலத்து ஏற்பாட்டில் எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, மிச்சம் சர்க்காருக்கு. சர்க்கார் பங்கு கரையில் ஏலம் போகும். 1961-இல் நடந்த சலாபத்தோடு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. அத்தனை நூற்றாண்டுகளில் குளித்தவன் வீட்டில் முத்து தங்கினதாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

1530களில் பரதவர் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டுக் கூட்டத்தோடு ஞானஸ்நானம் பெற்றதை ரூசோ சொல்கிற ஒப்பந்தத்தோடு வைத்துப் பார்க்கலாம். பாதுகாப்பு வந்தது. கூடவே புதிய எசமானனும் வந்தான். 1542-இல் சவேரியார் வந்தார். மாதா முன்னால் எல்லாரும் ஒன்று என்றார்கள். ஆனால் சாதி அப்படியே கோயிலுக்குள் நடந்து போனது, சாதித்தலைவர் பட்டத்தோடு. பிற்காலத்தில் தூத்துக்குடிப் பரதவருக்குள்ளேயே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்று இரண்டு தட்டு. மேசைக்காரர் வியாபாரமும் கணக்கும் பார்த்தவர்கள், கம்மாரக்காரர் கடலில் இறங்கினவர்கள். ஒரே சாதி, ஒரே மாதா, ஒரே கடற்கரை. ஆனால் இரண்டு தட்டுக்கும் நடுவே பெண் கொடுத்து எடுப்பது அபூர்வம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

இப்போது சங்கத் தோழருக்கு. உப்பளத்தில் அவர் சொல்வது சரி. கடலுக்கு வேலி போட முடியாது என்றேன், உப்பளக்காரர்கள் போட்டுவிட்டார்கள். கடல் தண்ணியை உள்ளே விட்டு, வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகப் பிரித்து, இந்த அளம் இன்னாருடையது என்று ஆக்கியாயிற்று. கரிசல் காட்டில் மழை பொய்த்த ஊர்களிலிருந்து நம்ம சனங்கதான் நிறைய அங்கே வெயிலில் நிற்கிறார்கள், பெண்கள் அதிகம். கண்ணு போகுது, காலு வெடிக்குது. அளத்துக்காரர் செத்தால் எரிக்கும்போது பாதம் மட்டும் வேகாது என்று இங்கே ஒரு பேச்சே உண்டு. ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' படித்தவர்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. இங்கே கூலியும் குத்தகையும் சொத்தும்தான் பிரச்சினை. சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் தோழர், வேலியே நம்ம பேரில் இருந்தபோது என்ன நடந்தது? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் நிலமற்ற பறையருக்கும் மற்றத் தாழ்த்தப்பட்டவருக்கும் நிலம் ஒதுக்க வழி பிறந்தது. மற்ற சாதியார் வாங்கக் கூடாது என்று நிபந்தனை. சட்டமே காவல் நின்ற வேலி அது. அந்தப் பஞ்சமி நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்பதை உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள். திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று காரணையில் துப்பாக்கிச் சூடு, இரண்டு உயிர் போனது. வேலி போட்டதும் மற்றவர்கள் நம்பிவிட்டார்கள் என்கிறார் ரூசோ. தலித் போட்ட வேலியை யாரும் நம்புவதில்லை. இது அவருக்குத் தெரியாத விசயம்.

கொடியங்குளம் இங்கிருந்து எவ்வளவு தூரம்? நம்ம ஒட்டப்பிடாரம் பக்கம்தான். அந்த ஊர் இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தார்கள். வீடு கட்டினார்கள், டி.வி. வாங்கினார்கள், தையல் மிசின் வாங்கினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். 1995 ஆகஸ்ட் 31 அன்று நூற்றுக்கணக்கான போலீசார் பட்டப்பகலில் ஊருக்குள் இறங்கினார்கள். அவர்கள் எதை உடைத்தார்கள் என்று பாருங்கள். டி.வி.யை, மின்விசிறியை, தையல் மிசினை, டிராக்டரை. பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் போட்டுக் கொளுத்தினார்கள். குடிக்கிற கிணற்றைப் பாழாக்கினார்கள். சொத்து இல்லாததால் தாழ்ந்தவர்கள் என்றால், சொத்து வந்ததும் உயர்ந்திருக்க வேண்டுமே! இங்கே சொத்து வந்ததுதான் குற்றமாகப் பட்டது. உனக்கு எதுக்குடா இதெல்லாம் என்ற கேள்விக்குப் பொருளாதாரத்தில் விடை கிடையாது.

சொத்தே சம்பந்தப்படாத ஒன்றையும் சொல்கிறேன். 1997-இல் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தது. கட்டபொம்மனோடு நின்று செத்த கவர்னகிரிக்காரர், இந்த மாவட்டத்துப் பிள்ளை. அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கலவரம் செய்தார்கள். டிக்கெட் விலை ஏறவில்லை, யார் நிலமும் போகவில்லை, வெறும் பேர். கடைசியில் அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது இப்படித்தான். ஒரு தலித் பேரோடு சமமாக இருப்பதைவிட வ.உ.சி. பேரே போனாலும் பரவாயில்லை என்று ஆகிவிட்டது. (கப்பலோட்டியவரை 2011-இல் துறைமுகத்துக்குத் திரும்பக் கூட்டிவந்தார்கள். சுந்தரலிங்கத்தை எந்தப் பஸ்ஸிலும் ஏற்றவில்லை.)

ரூசோவை வைத்து விளங்காத இந்த இடத்தை விளக்குவதற்கு 1916 மே 9-க்குப் போக வேண்டும். நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். இருபத்தைந்து வயது அம்பேத்கர் மானுடவியல் வகுப்பில் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை வாசிக்கிறார். திஜோன் கழகம் கேட்ட அதே கேள்விதான், நம்ம நாட்டுக்கு. இது எப்படித் தொடங்கியது? அவர் சொன்ன விடையில் நிலம் முதலில் வரவில்லை. ஒரு வர்க்கம் தன்னைச் சுற்றிக் கதவைச் சாத்திக்கொண்டது என்கிறார். அகமணம்தான் அந்தக் கதவு. முதலில் சாத்தியவர் பிராமணர். உயர்ந்த இடத்தில் இருக்கிறவனைப் பார்த்துக் கீழே இருக்கிறவன் போலச் செய்வான் என்ற பிரெஞ்சுக்காரர் தார்தின் கருத்தை எடுத்து, மற்றவர்களும் ஒருத்தர் பின் ஒருத்தராகத் தங்கள் கதவுகளைச் சாத்தினார்கள் என்று காட்டுகிறார். எல்லாக் கதவும் சாத்தப்பட்ட பின்னால் வெளியே நின்றவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ரூசோவின் ஆள் நிலத்துக்கு வேலி போட்டான். இங்கே பெண்ணுக்கு வேலி போட்டார்கள். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் இவையெல்லாம் தனித்தனிக் கொடுமைகள் இல்லை, சாதிக் கதவின் கீல்கள் என்று அம்பேத்கர் காட்டினார். ரூசோவிடம் இது கிடைக்காது. 'எமிலி'ல் பெண்ணை ஆணுக்குப் பிடித்தபடி வளர்க்கச் சொன்னவர் அவர். 1792-இல் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் அவரை நன்றாக வாங்கினார். நம்ம இயக்க மேடைகளில் பெண் தோழர்கள் பேசும்போது கடிகாரம் பார்க்கிற அண்ணன்மார் 1916 கட்டுரையை இன்னொரு முறை படிப்பது நல்லது.

மேசைக்காரர் கம்மாரக்காரர் விசயத்தை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? ஒரே சாதிக்குள்ளும் பணம் வந்ததும் அடுத்த கதவு உருவாகிறது. நம்ம வீட்டுக்குள்ளும் இருக்கிறது. பள்ளர், பறையர், சக்கிலியர், புதிரை வண்ணார் என்று நாம் அடுக்கியிருக்கிற அடுக்கில் யார் வீட்டில் யார் பெண் எடுக்கிறோம்? ரூசோவின் உலகத்தில் உள்ளவன், இல்லாதவன் என்று இரண்டு பேர். அதனால் அங்கே ஒரு நாள் இல்லாதவன் எல்லாம் சேர்ந்து எழுந்தான். இங்கே படிக்கட்டு. ஒவ்வொரு படியிலும் மிதிபடுகிறவனுக்கு மிதிக்க ஒரு ஆள் கொடுக்கப்பட்டிருக்கிறது.

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட மென்பொறியாளர் நம் மாவட்டத்து தலித் இளைஞர். படிப்பு இருந்தது, சம்பளம் இருந்தது. காதலுக்காகக் கொல்லப்பட்டார் என்பது வழக்கு, பெண்ணின் சகோதரர் கைதானார். அவர் யாருடைய நிலத்தையும் வேலி தாண்டி எடுக்கப் போகவில்லை.

மாணவத் தோழருக்கு இன்னும் ஒன்று. அயோத்திதாசர் 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, பூர்வ பௌத்தர்கள் எப்படிப் பறையர் ஆக்கப்பட்டார்கள் என்று வாரா வாரம் எழுதினார். பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் இன்றும் அவருடைய சொல்லாராய்ச்சியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், ஆதாரம் எங்கே என்கிறார்கள். ரூசோவும் ஆதாரம் கொடுக்கவில்லையே ஐயா! அவர் ஊகித்தால் தத்துவம், ஒரு பறையர் வைத்தியர் ஊகித்தால் கட்டுக்கதையா? இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை. நாங்கள் இப்படிப் பிறக்கவில்லை, இப்படி ஆக்கப்பட்டோம் என்று சொல்வதற்கு ஒரு கதை கட்டினார்கள். ரூசோவைப் படித்தால்தான் அயோத்திதாசர் எவ்வளவு பெரிய காரியம் பண்ணியிருக்கிறார் என்று விளங்கும்.

அப்புறம், வெள்ளைக்காரன் புத்தகம் வெள்ளைக்காரனுக்கு மட்டும் சொந்தம் என்று யார் சொன்னது? 1791-இல் ஹெய்த்தியின் கறுப்பு அடிமைகள் எழுந்தார்கள். பிரெஞ்சுக்காரன் சொன்ன சமத்துவத்தை அவன் நினைக்காத இடத்தில் நிறைவேற்றி, 1804-இல் தனி நாடு ஆனார்கள். புனேயில் இளம் ஜோதிராவ் பூலே தாமஸ் பெய்னைப் படித்தார். 1873-இல் 'குலாம்கிரி' எழுதியபோது அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குச் சமர்ப்பணம் செய்தார். அம்பேத்கர் 1954-இல் வானொலியில் பேசும்போது சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவத்தைப் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து எடுக்கவில்லை, புத்தரிடமிருந்து எடுத்தேன் என்றார். பிரெஞ்சுக்காரர்களை நன்றாகப் படித்த பிறகு சொன்னார்.

அடுத்த வாசிப்பு 1916 கட்டுரை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அளத்தில் வேலை இருக்காது, சர்க்கார் தருகிற 5,000 ரூபாய் நிவாரணத்தில்தான் அடுப்பு எரியும். அந்த மூன்று மாதமும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்பிலேயே ராத்திரி எட்டு மணிக்குக் கூடுவோம். சங்கத் தோழர் இடம் பார்த்துவிட்டார். கட்டுரையை வாய்விட்டு வாசிக்கிற பொறுப்பு மாணவத் தோழருக்கு. வருகிறவர்கள் தங்கள் ஊரில் பஞ்சமி நிலம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால், கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டு நகல் எழுதிக் கேட்டு, சர்வே எண்ணோடு கொண்டுவாருங்கள். வருகிற இதழ்களில் ஊர்வாரியாகப் போடுகிறோம்.